நூலில் தொங்கிய பளிங்கு: காந்தத்தின் திசையை அளந்த கே. எஸ். கிருஷ்ணன்

திருக்கோவிலிலும் கதிரவெளியிலும் கடற்கரை மணலைத் தோண்டுவதற்கு எதிராக மக்கள் வீதிக்கு இறங்கியபோது, இல்மனைட் என்ற சொல் கிழக்கில் வீட்டுக்கு வீடு தெரிந்த சொல்லாயிற்று. அந்தக் கறுப்பு மணலில் இரும்பு, தைத்தேனியம், ஒட்சிசன் மூன்றும் உண்டு. வலுவான காந்தம் ஒன்றை அருகே கொண்டுபோனால் கறுப்புத் துணிக்கைகள் அதனோடு ஒட்டும். வெள்ளை மணல் கீழேயே கிடக்கும். தொழிற்சாலைகளில் இல்மனைட்டைப் பிரிப்பதும் பெரும்பாலும் இந்தக் குணத்தை வைத்துத்தான்.

ஒரு துணிக்கை ஏன் காந்தத்துக்கு இழுபடுகிறது, எந்தப் பக்கமாகத் திருப்பிப் பிடித்தால் கூடுதலாக இழுபடும் என்ற கேள்விக்குத் தன் வாழ்நாளின் சிறந்த ஆண்டுகளைக் கொடுத்தவர் ஒரு தமிழர். சேர் கே. எஸ். கிருஷ்ணன் என்றால் இந்தியாவின் பௌதிகவியல் மாணவர்களுக்கு ஓரளவு தெரியும். நம்மிடையே அவருடைய பெயர், சி. வி. ராமனைப் பற்றிப் பேசும்போது ஒரு துணைப்பெயராக மட்டும் வந்து போகிறது.

வத்திராயிருப்பிலிருந்து கல்கத்தாவுக்கு

காரியமாணிக்கம் சீனிவாச கிருஷ்ணன் 1898 டிசெம்பர் 4 ஆம் திகதி வத்திராயிருப்பில் பிறந்தார். மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்தில் வயல்களுக்கு நடுவே உள்ள ஊர் அது. தந்தையார் விவசாயி, தமிழிலும் வடமொழியிலும் புலமை உள்ளவர். வீட்டில் கிடைத்த அந்த இரண்டு இலக்கியங்களின் ருசி, மகனுக்குக் கடைசிவரை இருந்தது. ஊரிலும் ஸ்ரீவில்லிபுத்தூரிலும் பள்ளிப்படிப்பு. பிறகு மதுரை அமெரிக்கன் கல்லூரி, அதன் பிறகு சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரி.

படிப்பு முடிந்ததும் கிறிஸ்தவக் கல்லூரியிலேயே இரசாயனப் பிரிவில் செய்முறை விளக்குநர் வேலை கிடைத்தது. சிறிய பதவி. ஆனால் மதிய உணவு இடைவேளையில் அவரைச் சுற்றி மாணவர்கள் கூடத் தொடங்கினார்கள். பௌதிகம், இரசாயனம், கணிதம் என்று எதிலும் யாரும் எதையும் கேட்கலாம் என்பதே அந்தக் கூட்டத்தின் ஒழுங்கு. நாளடைவில் வேறு கல்லூரி மாணவர்களும் வந்து உட்கார்ந்தார்கள்.

ஏறக்குறைய அதே காலத்தில்தான் காரைதீவில் பிறந்த மயில்வாகனம் என்ற இளைஞர், யாழ்ப்பாணம் புனித பத்திரிசியார் கல்லூரியில் விஞ்ஞானம் கற்பித்துக்கொண்டிருந்தார். பின்னாளில் சுவாமி விபுலானந்தர் ஆனவர் அவர். கிருஷ்ணனைவிட ஆறு வயது மூத்தவர். தமிழும் விஞ்ஞானமும் ஒரே தலைக்குள் சண்டையில்லாமல் இருக்கலாம் என்பதைக் காட்டிய தலைமுறை அது. 1930களின் நடுப்பகுதியில் சென்னையில் விஞ்ஞானக் கலைச்சொற்களைத் தமிழில் ஆக்கும் பெரும் பணி நடந்தபோது அதற்குத் தலைமை தாங்கியவர் விபுலானந்தர். கிருஷ்ணனும் விஞ்ஞானத்தைப் பற்றித் தமிழில் எழுதியவர். மட்டக்களப்பு வாசகருக்குக் கிருஷ்ணனை அறிமுகம் செய்ய இதைவிட நல்ல உறவுமுறை வேண்டியதில்லை.

1920களின் தொடக்கத்தில் கிருஷ்ணன் கல்கத்தா சென்றார். அங்கே பௌபஜார் வீதியில் 'இந்திய விஞ்ஞான வளர்ச்சிச் சங்கம்' என்ற நிறுவனம் இருந்தது. மகேந்திரலால் சர்க்கார் என்ற வைத்தியர், ஊர்மக்களிடம் நன்கொடை திரட்டி 1876 இல் தொடங்கியது. அரசாங்கக் கணக்காளராக வேலை பார்த்த ராமன், 1907 இல் அந்தக் கதவைத் தட்டி, அலுவலக நேரத்துக்கு முன்னும் பின்னும் அங்கே ஆய்வு செய்யத் தொடங்கியிருந்தார். கிருஷ்ணன் 1923 இல் அங்கே ஆய்வு உதவியாளராகச் சேர்ந்தார்.

ஒளி சிதறிய ஆண்டு

ஒரு திரவத்தின் ஊடாக ஒளி போகும்போது அதில் சிறிது சிதறும். சிதறிய ஒளியின் நிறம், போன ஒளியின் நிறமாகவே இருக்கும் என்றுதான் பொதுவில் எண்ணப்பட்டது. மிக நன்றாகச் சுத்திகரித்த திரவங்களை ஒவ்வொன்றாக எடுத்து, சூரிய ஒளியைக் குவித்துப் பாய்ச்சி, வடிகட்டிகளை மாற்றி மாற்றி வைத்துக் கண்ணாலேயே பார்த்தார்கள். சிதறிய ஒளியில் மிகச் சிறிய பங்கு நிறம் மாறி வந்தது. மூலக்கூறு தன் அதிர்வுக்குத் தேவையான சக்தியை ஒளியிடமிருந்து எடுத்துக்கொண்டு, மீதியைத் திருப்பி அனுப்புகிறது என்பதே அதன் பொருள்.

1928 பெப்ரவரியில் இந்த வேலையில் ராமனோடு நாள்தோறும் நின்றவர் கிருஷ்ணன். அந்த மாத நிகழ்வுகளை அவர் நாட்குறிப்பில் எழுதி வைத்திருந்தார். 'நேச்சர்' சஞ்சிகையில் வெளிவந்த முதல் கடிதத்தில் இருவருடைய பெயரும் இருந்தன. 1930 இல் நோபல் பரிசு ராமனுக்கு மட்டும் கிடைத்தது. கிருஷ்ணனுக்கு உரிய பங்கு கொடுக்கப்பட்டதா என்ற விவாதம் இன்றும் ஓயவில்லை. ஆனால் பரிசு அறிவிக்கப்பட்ட நாளில் கிருஷ்ணன் கல்கத்தாவிலும் இல்லை, ஒளிச் சிதறலிலும் இல்லை. 1928 இன் முடிவிலேயே அவர் டாக்கா பல்கலைக்கழகத்துக்குப் போய்விட்டார். அங்கே முற்றிலும் வேறொரு கேள்வியைக் கையில் எடுத்திருந்தார்.

ஒரு நூல், ஒரு பளிங்கு

அந்தக் கேள்வி காந்தத்தின் திசை பற்றியது. வாவியில் தோணியை நீளவாக்கில் தள்ளினால் இலகுவாகப் போகும். பக்கவாட்டில் தள்ளினால் மறுக்கும். தோணி ஒன்றுதான், தண்ணீர் ஒன்றுதான், தள்ளும் கையும் ஒன்றுதான். மாறியது திசை மட்டும். பளிங்குகளும் இப்படித்தான். அவற்றில் அணுக்கள் ஓர் ஒழுங்கில் அடுக்கப்பட்டிருப்பதால், ஒரு திசையில் காந்தப்புலத்துக்கு ஒரு விதமாகவும் இன்னொரு திசையில் வேறு விதமாகவும் பதில் சொல்லும். 19 ஆம் நூற்றாண்டில் மைக்கல் பரடே பிஸ்மத் பளிங்கில் இதைக் கண்டார். ஆனால் இரும்பு போன்ற வலிய காந்தப் பொருள்களைத் தவிர மற்றவற்றில் இந்த வேறுபாடு மிக மிகச் சிறியது. நம்பத்தக்க விதத்தில் அதை அளப்பதுதான் சிக்கல்.

கிருஷ்ணன் கையாண்ட வழியை ஒரு பள்ளி மாணவருக்கும் விளக்கலாம். சிறிய பளிங்கு ஒன்றை மிக மெல்லிய குவாட்ஸ் இழையில் கட்டி, காந்தத்தின் இரு முனைகளுக்கு நடுவே தொங்கவிட வேண்டும். பளிங்கு தனக்கு வாய்ப்பான திசையில் திரும்பி நிற்கும். இனி இழையின் மேல்முனையை மெல்ல மெல்ல முறுக்க வேண்டும். முறுக்கு ஏறும், பளிங்கோ காந்தப்புலம் பிடித்து வைத்திருப்பதால் சிறிதளவுதான் திரும்பும். இன்னும் முறுக்கினால் இன்னும் சிறிது விலகும். தன் பழைய நிலையிலிருந்து 45 பாகை அளவுக்கு அது விலகும் தறுவாயில் பிடி விடும். அதுவரை அடங்கி நின்ற பளிங்கு, சட்டென்று சுழன்றுவிடும்.

அந்தக் கணத்தில் மேல்முனை எத்தனை பாகை முறுக்கப்பட்டிருந்தது என்று பார்த்தால் போதும். இழையின் வலு தெரியும், பளிங்கின் எடை தெரியும், புலத்தின் அளவு தெரியும். இரண்டு திசைகளுக்கு இடையிலான காந்தக் குண வேறுபாடு கணக்கில் வந்துவிடும். ஆராய்ச்சி உலகில் இது கிருஷ்ணனின் மாறுநிலை முறுக்கு முறை என்று அறியப்படுகிறது. பெரிய இயந்திரம் எதுவும் இல்லை. அளவு துல்லியமாக வந்ததற்குக் காரணம், அளக்க வேண்டிய சிறிய வேறுபாட்டை நேராகத் துரத்தாமல், பிடி விடும் அந்த ஒரு கணமாக அதை மாற்றியதுதான். மிகச் சிறியதை அளப்பது கடினம். திடீரென்று நடப்பதைக் கவனிப்பது இலகு.

டாக்காவில் குஹா, பானர்ஜி போன்ற இளம் ஆய்வாளர்களோடு சேர்ந்து அவர் பளிங்கு பளிங்காக அளந்தார். நப்தலீன் போன்ற சேதனப் பளிங்குகளில் மூலக்கூறுகள் எந்தப் பக்கம் சரிந்து கிடக்கின்றன என்பதைக் காந்தத்தை வைத்தே சொல்ல முடிந்தது. பென்சில் கூரில் உள்ள காரீயம், அதாவது கிராபைட், தன் தளத்துக்குச் செங்குத்தான திசையில் காந்தத்தை மிக வலுவாக வெறுப்பதையும் பிற்பாடு அவரது குழு நுணுக்கமாக ஆராய்ந்தது. 1933 முதல் இலண்டன் றோயல் சங்கத்தின் ஏட்டில் இந்த ஆய்வுகள் தொடராக வெளிவந்தன. எக்ஸ் கதிர்களால் பளிங்குகளை ஆராய்ந்த கத்லீன் லொன்ஸ்டேல் அம்மையாரும் கிருஷ்ணனும் 1936 இல் ஒரு கட்டுரையைச் சேர்ந்து எழுதினார்கள். கிருஷ்ணன் மறைந்தபின் றோயல் சங்கத்துக்காக அவருடைய வாழ்க்கை வரலாற்றை ஹோமி பாபாவோடு சேர்ந்து எழுதியவரும் இதே லொன்ஸ்டேல்தான்.

பக்கத்து அறையில் போஸ், தூரத்தில் புளொக்

டாக்காவில் கிருஷ்ணன் வேலை செய்த பௌதிகத் துறையில் பேராசிரியராக இருந்தவர் சத்தியேந்திரநாத் போஸ். ஒளித் துணிக்கைகளை எப்படி எண்ண வேண்டும் என்று 1924 இல் டாக்காவிலிருந்து ஐன்ஸ்டீனுக்கு எழுதி அனுப்பியவர் அவர். அதே ஆண்டுகளில், 1930 இல், ஐரோப்பாவில் பீலிக்ஸ் புளொக் என்ற இளைஞர் காந்தத்துக்குள் ஓர் அலை இருக்க வேண்டும் என்று கணக்குப் போட்டுக் காட்டினார். தற்சுழற்சி அலை என்பது அதன் பெயர்.

அதைப் புரிந்துகொள்ளப் படுவான்கரையின் வயல்கள் போதும். கதிர் வந்த வயலின் மேல் காற்று அடிக்கும்போது ஓர் அலை வரம்பிலிருந்து வரம்புக்கு ஓடும். எந்த நெற்பயிரும் இடம் பெயர்வதில்லை. ஒவ்வொன்றும் வேரூன்றிய இடத்திலேயே நின்று, பக்கத்துப் பயிர் சாய்ந்ததைப் பார்த்துத் தானும் கொஞ்சம் சாய்ந்து நிமிர்கிறது. ஓடுவது சாய்வு மட்டும். காந்தப் பொருளில் ஒவ்வோர் அணுவும் ஒரு குட்டிக் காந்தம். அவை எல்லாம் ஒரே பக்கம் நிமிர்ந்து நிற்கும்போது ஒன்றைச் சிறிது அசைத்தால், அது தனியாக விழாது. அந்த அசைவைப் பக்கத்தவை பகிர்ந்துகொள்ள, அது அலையாக ஓடும். வெப்பம் ஏற ஏற இந்த அலைகள் கூடி, காந்தத்தின் வலுவைக் குறைக்கின்றன. இந்த அலையின் மிகச் சிறிய கூறுக்கு மக்னோன் என்று பெயர். மக்னோன்களை எண்ணுவதற்கான விதி, டாக்காவில் போஸ் எழுதிய அதே விதி.

இதில் கிருஷ்ணனின் கேள்வி எங்கே வருகிறது? பயிரின் தண்டு விறைப்பாக இருந்தால் சிறு காற்றுக்கு வயல் அசையாது. ஓரளவு வேகம் வந்த பிறகுதான் அலை எழும். காந்தப் பளிங்கில் அந்த விறைப்பைத் தருவது திசைக் குணம். ஒரு குறிப்பிட்ட திசையை விட்டுத் திரும்பப் பளிங்கு எவ்வளவு மறுக்கிறதோ, அலையை எழுப்பவும் அவ்வளவு சக்தி வேண்டும். கிருஷ்ணன் அளந்தவை பெரும்பாலும் காந்தக் குணம் மெல்லியதாக உள்ள பளிங்குகளே. நிரந்தரக் காந்தங்களின் வல்லமை வேறு. ஆனால் பளிங்கின் கட்டமைப்பு அதன் காந்தத்துக்குத் திசை கொடுக்கிறது என்ற அடிப்படையை எண்களோடு நிறுவியதில் அவருக்கு முதல் வரிசை இடம் உண்டு.

அவர் மறைந்து ஐந்து ஆண்டுகள் கழித்து, 1966 இல், அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்தில் இரும்புப் புளோரைட்டுப் பளிங்கின் மேல் லேசர் ஒளியைப் பாய்ச்சினார்கள். சிதறி வந்த ஒளியில் சிறு பங்கு நிறம் மாறியிருந்தது. இம்முறை சக்தியை எடுத்துக்கொண்டது மூலக்கூறின் அதிர்வு அல்ல, தற்சுழற்சி அலை. அந்தப் பளிங்கில் அலையை எழுப்பத் தேவைப்பட்ட குறைந்தபட்ச சக்தியைப் பெரும்பாலும் தீர்மானிப்பது அதன் திசைக் குணம். இருபத்தொன்பது வயதில் ராமனோடு கண்டுபிடித்த ஒளிச் சிதறலும், முப்பதுகளில் தனியே போய்த் தொடங்கிய திசை ஆய்வும் ஒரே பரிசோதனையில் ஒன்றையொன்று சந்தித்தன. பார்க்க அவர் இருக்கவில்லை.

திருக்கோவில் கரையின் இல்மனைட்டுக்கும் இந்தக் கதையில் இடம் உண்டு. ஏறத்தாழ மைனஸ் 215 பாகை செல்சியஸ் வரை குளிர்வித்தால் அதன் குட்டிக் காந்தங்கள் ஒன்றுவிட்டு ஒன்று எதிரெதிராக அணிவகுக்கும். அங்கேயும் இந்த அலை ஓடும்.

கடைசிவரை ஆய்வுமேசையில்

1933 இல் ராமன் பெங்களூருக்குப் போக, கிருஷ்ணன் கல்கத்தா திரும்பினார். சங்கத்தை நிறுவிய மகேந்திரலால் சர்க்காரின் பெயரில் அமைந்த பேராசிரியர் பதவி அவருக்குக் கிடைத்தது. 1937 இல் ஐரோப்பா சென்று விரிவுரைகள் ஆற்றினார். 1940 இல் றோயல் சங்க உறுப்பினர். 1942 இல் அலகாபாத் பல்கலைக்கழகத்தில் பௌதிகப் பேராசிரியர். 1946 இல் சேர் பட்டம். 1947 இல் டெல்லியில் தொடங்கிய தேசிய பௌதிக ஆய்வுகூடத்தின் முதல் பணிப்பாளர். 1954 இல் பத்மபூஷண். இந்திய அணுசக்தி ஆணைக்குழுவிலும் அங்கம் வகித்தார். நிர்வாகச் சுமைக்கு நடுவிலும் ஆய்வை விடவில்லை. சூடேறிய உலோகங்களிலிருந்து இலத்திரன்கள் வெளியேறுவதைப் பற்றிய வேலை அந்தக் காலத்தது. 1961 ஜூன் மாதம் டெல்லியில் காலமானார். வயது 62.

நமக்கு இதில் என்ன

பளிங்கு திரும்ப மறுக்கும் அதே குணத்தின் மீதுதான் கணினியின் ஹார்ட் டிஸ்க் நிற்கிறது. அதில் பதிவாகும் ஒவ்வொரு செய்தியும் நுண்ணிய காந்தத் துணிக்கைகளின் திசை. சூட்டிலும் காலத்திலும் அவை திரும்பிவிடாமல் நிற்பதற்குக் காரணம் திசைக் குணம். போரில் வீடும் அலுமாரியும் எரிந்த பல குடும்பங்களுக்கு, யாரோ உறவினர் வெளிநாட்டில் வைத்திருந்து பிரதி எடுத்து அனுப்பிய கல்யாணப் படம், பிறப்புச் சாட்சிப் பத்திரம், காணாமலாக்கப்பட்டவரின் முகம் எல்லாம் இன்று இப்படியான துணிக்கைகளில்தான் இருக்கின்றன.

கிருஷ்ணனின் வாழ்வை வறுமையில் சாதித்த மேதையின் கதையாகச் சொல்லி முடிப்பது இலகு. அது முழு உண்மை அல்ல. ஓர் இரசாயனச் செய்முறை விளக்குநர் உலகறிந்த ஆய்வாளராக மாறியதற்கு, ஒரு வைத்தியர் ஊர்ப் பணத்தில் கட்டி, நேரங்கெட்ட நேரத்திலும் திறந்து வைத்த ஒரு கட்டடம் வேண்டியிருந்தது. டாக்காவில் அவருக்கு ஒரு துறையும், பக்கத்தில் போஸ் போன்ற ஒருவரும், பயமில்லாமல் வேலை செய்யப் பல ஆண்டுகளும் வேண்டியிருந்தன.

நமக்கு அந்த ஆண்டுகள் எப்படிப் போயின என்பது வாசகர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. 1981 இல் மட்டக்களப்பில் தொடங்கிய பல்கலைக்கழகக் கல்லூரி, 1986 இல் கிழக்குப் பல்கலைக்கழகமாயிற்று. நான்கே ஆண்டுகளில், 1990 இல், வந்தாறுமூலை வளாகம் அகதி முகாமாக இருந்தது. செப்டெம்பர் 5 ஆம் திகதி அங்கிருந்து 158 பேர் இராணுவத்தால் கொண்டுசெல்லப்பட்டார்கள். அவர்கள் திரும்பவில்லை. ஆய்வுகூடம் கட்டி வளர்த்திருக்க வேண்டிய ஆண்டுகள் அவை. வாவிக்கு மேற்கே, உயர்தர விஞ்ஞானப் பிரிவு இல்லாத பாடசாலைகள் இன்னமும் இருப்பதற்கு அந்த ஆண்டுகளும் ஒரு காரணம்.

பிள்ளைகளின் கெட்டித்தனத்தில் குறை எதுவும் இல்லை. மதிய இடைவேளையில் எந்தக் கேள்வியையும் கேட்கவிடும் ஓர் ஆசிரியரும், பின்னேரம் பூட்டாத ஓர் அறையும்தான் குறைவு. இரண்டையும் ஊரும் கோயில்களும் பழைய மாணவர் சங்கங்களும் நினைத்தால் கொடுக்கலாம். கல்கத்தாவில் அப்படித்தான் தொடங்கியது. கல்லடி உப்போடையில் 1929 இல் சிவானந்த வித்தியாலயம் எழுந்ததும் ஊரின் கையால்தான்.

அந்த அறையில் முதல் நாள் செய்து பார்க்க ஒரு பரிசோதனையும் உண்டு. மெக்கானிக்கல் பென்சிலின் கூர் ஒன்றை மெல்லிய நூலில் நடுவே கட்டிச் சமநிலையில் தொங்கவிட்டு, காற்றுப் படாமல் ஒரு போத்தலுக்குள் வைக்கவும். அது அசையாமல் நின்றபின், பழைய ஹார்ட் டிஸ்கிலிருந்து எடுத்த வலுவான காந்தத்தை வெளியிலிருந்து கூரின் நுனிக்குக் கிட்டக் கொண்டுபோகவும். கூர் மெல்ல விலகும். கிராபைட் காந்தத்தை வெறுக்கிறது என்பதைக் கிருஷ்ணன் ஆராய்ந்தது போலவே, நூலும் பொறுமையும் வைத்து, எட்டாம் ஆண்டுப் பிள்ளையும் தன் கண்ணால் பார்க்கலாம்.